செவுள் தெரியாத படம்

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஐஸ் பெட்டி கழுவியாச்சு. பலகையை உப்பு போட்டுத் தேய்க்க வேண்டும், நாளைக்கு.

தம்பி அருள் வந்தான். கப்பல் வேலையில் பத்து நாள் லீவு. கையில் ஒரு போன். கறுப்பு, பளபளப்பு, முதுகில் மூன்று கண். அந்தக் கம்பெனியில் இதற்கு மேல் மாடல் கிடையாதாம்.

"ஒரு வாரம் வச்சிக்கினு பாருக்கா. நல்லது இன்னா, கெட்டது இன்னான்னு எழுதி வை. அடுத்த வியாழன் கெளம்பறேன். புடிச்சா உனுக்கு. புடிக்கலன்னா என் மச்சானுக்கு குட்த்துர்றேன்."

அவன் மச்சானுக்கா? நாள் பூராவும் ரம்மி ஆடுகிறவனுக்கு இது எதற்கு? எழுதுகிறேன். மகள் ஷெர்லியின் பழைய காலேஜ் ரெக்கார்டு நோட்டில் பின்பக்கம் எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

– கனம். ஒரு கையில் பிடித்தால் மணிக்கட்டு வலி.
– வெளிச்சம் நல்லது. உச்சி வெயிலிலும் எழுத்து தெரிகிறது. பழையதில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு பார்க்க வேண்டும்.
– விரல் வைத்தால் திறக்குமாம். பத்து விரலும் வைத்தாயிற்று, அசையவில்லை. ஷெர்லி வைத்ததும் திறக்கிறது. இருபது வருஷம் மீன் செதில் உரசின விரல், ரேகைக்கு எங்கே போவேன்.
– முகம் காட்டினால் உடனே திறக்கிறது. குளித்த முகம், தூங்கி எழுந்த முகம், எல்லாம் தெரிகிறது. கெட்டிக்காரன்.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. இவர் போன படகு ஆறரைக்குக் கரை. சங்கரா, நெத்திலி, நாலு கொடுவா.

வழக்கமாக இடது கட்டை விரலால் செவுளைத் தூக்கிப் பிடித்து, வலது கையில் பழைய போனால் ஒரு கிளிக். அதுவும் மங்கல்தான் வரும். இன்று பெரிய போன். அடேயப்பா! சங்கராவின் செதிலை எண்ணலாம். நெத்திலியில் வெள்ளிக் கோடு. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் ஆர்டர் மேல் ஆர்டர், எட்டு மணிக்குக் கூடை காலி.

வசந்தா டீச்சர் போன் செய்தார். "ஜெசி, இன்னைக்குப் படம் கண்ணைப் பறிக்குதே! புதுப் போனா?"

கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆகி அடையாறில் இருக்கிறார். என் மீன் குரூப்பின் முதல் ஆள். இப்போது நாற்பது வீடு, பாதி அவர் சொல்லி வந்தவர்கள். கண்ணாடி போடச் சோம்பல், படத்துக்குக் கீழே என்ன எழுதினாலும் படிக்க மாட்டார். செவுளை மட்டும் பார்ப்பார். "சிவப்பா இருக்கு, அனுப்பு." அவ்வளவுதான் பேச்சு.

சாயங்காலம் ஷெர்லி என்னைப் படம் எடுத்தாள். "யம்மா, ஹீரோயினி கணக்கா கீற!" பார்த்தால் நிஜமாகவே அப்படித்தான். கன்னம் மழமழ. உடனே டிபியில் வைத்தேன். இவர் பார்த்துவிட்டு "யாரு இது?" என்கிறார். வாய்க்கொழுப்பு.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். வெள்ளிக்கிழமை வியாபாரம் எப்போதும் மந்தம். போனோடுதான் பொழுது.

– சார்ஜ் இரண்டு நாள் நிற்கிறது. பழையது காபி ஆறுவதற்குள் செத்துவிடும்.
– கோட்டூர்புரத்துக்குப் புதிதாகக் குடிவந்த இந்திக்கார அம்மா பேசி அனுப்பியதைத் தமிழில் எழுதிக் காட்டியது. "சகோதரி, மீனின் தலையை அகற்றி அருளுங்கள்." சிரித்துச் சிரித்து வயிறு வலி. ஆனால் விஷயம் புரிந்ததே! இத்தனை நாள் சைகையில் கழுத்தறுத்துக் காட்டிக்கொண்டிருந்தோம்.
– தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிறது. கரையில் நின்றுகொண்டு இவர் படகைப் பார்த்தேன். பீடி. போன ஈஸ்டருக்கு மாதா மேல் சத்தியம் செய்து விட்டவர். வீட்டுக்கு வரட்டும்.

குறை ஒன்றுதான், என் பயம். மீன் கை வழுக்குமோ, தண்ணீர் பட்டால் போய்விடுமோ என்று துடைத்துத் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துத்தான் படம் எடுக்கிறேன். கைக்குழந்தையைக்கூட நான் இப்படித் தாங்கியதில்லை, ஷெர்லியைக் கேட்டால் தெரியும்.

நவம்பர் 15, சனி

காற்று. கடலுக்குப் போகக் கூடாது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். படகெல்லாம் மணலில்.

காற்றும் இதற்கென்று ஒரு நாள் பார்த்து வந்ததே! நாளை ஐப்பசி கடைசி ஞாயிறு. திங்கட்கிழமை கார்த்திகை, மாலை போடுகிற வீட்டில் அப்புறம் மீன் வாசனையே கூடாது. அதனால் நாளைக்கு எல்லாருக்கும் மீன் வேண்டும்.

டீச்சருக்கு எல்லாரையும்விட. "பையனுக்குப் பெண் வீட்டுக்காரங்க முதல் தடவையா சாப்பிட வராங்க ஜெசி. திங்கட்கிழமை அவன் மாலை போடறான், அதான் ஞாயிறே வரச் சொல்லிட்டேன். நல்ல வஞ்சிரமா பாரு. என் மானம் உன் கையில."

"கடல் செரியில்ல டீச்சர். காலைல படம் போடறேன், பாத்து சொல்லுங்க."

நவம்பர் 16, ஞாயிறு

காலை: காசிமேட்டிலிருந்து ஐஸ் வஞ்சிரம். மூன்று நாள் இருக்கும். கெட்டது இல்லை. வறுத்தால் தெரியாது, குழம்பில் நிற்காது. எதையும் மறைக்கவில்லை. படத்துக்குக் கீழே "இன்னிக்கு ஐஸ் மீன். வறுக்க மட்டும்" என்று எழுதினேன். டீச்சர் பதில்: "பிரமாதம். நாலு கிலோ." வெட்டிக் கழுவி ஆட்டோவில் அனுப்பியாச்சு. மூச்சு விட நேரமில்லை.

மாலை ஐந்தரை: குரூப்பில் சின்னதாக ஒரு வரி. வசந்தா டீச்சர் வெளியேறினார்.

கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை 1. காற்று குறைந்திருக்கிறது. டீச்சர் எடுக்கவில்லை. அவர் அடுக்குமாடியில் இன்னும் மூன்று வீடு வெளியேறிவிட்டது. நான்காவது வீட்டு அம்மாதான் சொன்னார்: "டீச்சர் வீட்டுக் குழம்புல மீன் கரைஞ்சே போச்சாம் ஜெசி. சம்பந்தி தட்டுல வெறும் முள்ளுதானாம்."

சோற்றுத் தட்டை மூடி வைத்தேன். அப்புறம் கோபம். எழுதித்தானே அனுப்பினேன்! படிக்காதது யார் தப்பு?

அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாள் ஐஸ் மீனுக்குக் கண் மங்கி உள்ளே போயிருக்கும். படத்தில் இப்போதுதான் வலையிலிருந்து எடுத்த மாதிரி மினுங்குகிறது. நானே வாங்கியிருப்பேன்.

ஷெர்லி சொன்னாள்: "அது தானா அழகு பண்ணும்மா. துன்ற பொருள்னா கலர ஏத்திரும். மூஞ்சின்னா மழமழன்னு ஆக்கிரும்."

டிபியைப் பார்த்தேன். தாடையில் பத்தொன்பது வயதில் தூண்டில் முள் கிழித்த தழும்பு. ஆறு தையல். படத்தில் அது இல்லை. ஐந்து நாளாக நானும் கவனிக்கவில்லையே! ஆசை கண்ணை மறைத்துவிட்டது. திறக்கும்போது தழும்போடு என்னை அடையாளம் தெரிகிறது, படம் எடுக்கும்போது மட்டும் தெரியாத மாதிரி நடிக்கிறது.

அந்த அழகு பண்ணும் வேலையை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். ஷெர்லி இரண்டு இடத்தில் தட்டினாள். நின்றுவிட்டது. சொன்னதும் கேட்கிறது, அதையும் எழுத வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

டீச்சர் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். வாசலில் மகன், கறுப்பு வேட்டி, மாலை. "அம்மா உள்ள இருக்காங்க" என்றான். முகம் பார்க்கவில்லை.

டீச்சர் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"உன்னைத் திட்டணும்னுதான் இருந்தேன் ஜெசி. திட்டிட்டா மனசு ஆறிடும். ஆறக் கூடாதுன்னு திட்டலை."

"டீச்சர், கண்ணாடி போடுங்க. என் மூஞ்சியப் பாருங்க. அப்பறம் இந்தப் படத்தப் பாருங்க."

போட்டார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் தாடையைத் தொட்டார். "இந்தத் தழும்பு எங்க?"

"அதான் டீச்சர். மீனுக்கும் அதத்தான் பண்ணிக்கீது. சத்தியமா எனுக்குத் தெரியாது. ஐஸ் மீனுன்னு கீழ எழுதிக்கூட போட்டேன்."

மீன் படத்தைக் காட்டினேன். கீழே எழுதியதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "சரி. நான் படிக்கலை, என் தப்பு. போன் பொய் சொல்லிச்சு, அதோட தப்பு. நீ ஏன் செவுளைக் காட்டலை?"

யோசித்துப் பார்த்தால் புதன்கிழமையிலிருந்து ஒரு படத்திலும் செவுள் இல்லை.

"ரெண்டு கையாலயும் போனப் புட்ச்சிக்கினு இருந்தேன் டீச்சர்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. டீச்சர் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பெண் வீட்டிலிருந்து பதில் இன்னும் வரவில்லையாம். நான் கிளம்பும்போது கதவு வரை வந்தார்.

நவம்பர் 19, புதன்

வானம் வெளுத்தாயிற்று. படகுகள் விடிகாலையில் போய்த் திரும்பின. இரண்டு வஞ்சிரம், துள்ளத் துள்ள.

அருள் நாளை கிளம்புகிறான், லிஸ்ட் கேட்டான். படித்துக் காட்டினேன். தண்ணீர் பயத்தைப் படித்ததும் போனைப் பிடுங்கிக் குழாயடியில் காட்டினான். நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரி ஓடி வந்தாள்.

"ஒண்ணும் ஆவாதுக்கா! தண்ணில போட்டாலும் சாவாது. இத்தினி நாளு இன்னா பண்ணிக்கினு இருந்த?"

என்ன பண்ணிக்கொண்டிருந்தேன். அதைத்தான் நேற்று டீச்சரும் கேட்டார்.

கடைசியாகச் சேர்த்தது:
– குறை: கேட்காமலே அழகு பண்ணும்.
– நிறை: வேண்டாம் என்றால் விட்டுவிடும். பீடி விஷயத்தில் இவரிடம் இல்லாத குணம்.
– முடிவு: மச்சானுக்குக் கிடையாது.

ஈரக் கையோடு, வலது கையில் மட்டும் போன். கனம்தான், இருக்கட்டும். இடது கட்டை விரலால் செவுளைத் தூக்கி ஒரு படம். அழகு பண்ணவில்லை. சிவப்பு சிவப்பாகவே வந்திருக்கிறது. கட்டை விரலில் அரிவாள்மணை வெட்டுக்காயமும் தெரிகிறது. குரூப்பில் போட்டேன். டீச்சருக்குத் தனியாக அனுப்பினேன். டிபியையும் மாற்றினேன், தழும்போடு.

பதினொன்றரைக்கு டீச்சர்: "செவுள் தெரியுது. உன் முகமும்."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று: "மகன் மாலை கழட்டற வரைக்கும் வாங்க முடியாது ஜெசி. குரூப்ல சேர்த்துடு. தினமும் பார்க்கறேன்."