பிள்ளைக்குப் பழந்துணி

ஜூன் 22, 2025 – ஞாயிறு – சிதம்பரம்

இன்று போர்வையின் நடுப்பகுதியை இணைத்து முடித்தேன். ஐந்தாவது மாதத்தில் இப்படிக் குனிந்து தைக்கக்கூடாதாம். மாமியார் சொல்கிறார். அவரோடு சேர்ந்து சீரியல் பார்த்தால் மட்டும் முதுகு வலிக்காது போலிருக்கிறது.

ஒன்பது வயதிலிருந்து தைக்கிறேன். கடலூரில் எங்கள் வாடகை வீட்டுக்குக் கீழே ஒரு டெய்லர் கடை. குப்பைக்குப் போகும் வெட்டுத்துணியை அள்ளிவந்து ஒட்டுப்போட்டு முதல் போர்வை தைத்தேன். கலை ஆர்வம் ஒன்றும் இல்லை, குளிர். அப்பா செத்த வருஷம் தைத்தேன். காலேஜ் விடுதியில் 'கந்தல்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள், அப்போதும் தைத்தேன். போன வருஷம் நாலாவது மாதத்தில் கரு கலைந்தபோது ஆளாளுக்கு வந்து ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஊசி ஒன்றுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தது.

இந்தப் போர்வை வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தக் கூடாது. நல்லபடியாகப் பெற்று வளர்த்தவர்களிடம் பழைய புடவை கேட்டு வாங்கவேண்டும். இந்த ஒரு வழக்கத்தில் மட்டும் மாமியாரும் நானும் ஒரே கட்சி. அவருக்கு அது சாஸ்திரம். எனக்கு, பழந்துணி உடம்பை அறுக்காது.

நடுவில் வைத்திருப்பது மாமியாரின் புடவையேதான். என் கணவன் அருணின் அக்கா சத்யப்பிரியா பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அருண் பிறந்தபோது தூளி கட்டிய புடவையாம். நிறம் போய், சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. கொடுத்த விஷயத்தை அண்ணி தன் அம்மாவிடம் சொன்னாரா தெரியவில்லை.

ஜூன் 27

எங்கள் பள்ளிக்கூட ஆயா மங்கலம் அக்காவிடம் புடவை கேட்டேன். நாலு பிள்ளை, நாலும் நன்றாக வளர்ந்து நிற்கிறது. அவரைவிடத் தகுதியானவர் யார்?

"எங்க வூட்டுத் துணியா? உங்க மாமியாரு என்னா சொல்லுவாங்க டீச்சர்?"

"அவங்ககிட்ட யாரு கேக்கப்போறா?"

"அதான் பயமா இருக்குது" என்று சிரித்தார். "நாளைக்குப் புள்ளைக்குச் சளி புடிச்சாகூட எங்க காலனியிலேர்ந்துதான் வந்துச்சும்பாங்க."

ஜூன் 30

கொண்டுவந்துவிட்டார். கத்திரிப்பூ நிறம், வாயில் புடவை. தொட்டால் கையில் நிற்காமல் வழிகிறது.

"வூட்லயே மெதுவான பொடவ இதான். என் புள்ளைங்க நாலும் இதுமேலதான் மூத்திரம் பேஞ்சிதுங்க. ராசியான பொடவ."

சாம்பல் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் சேர்ந்து அழகாக இருக்கிறது.

ஜூலை 13

"எல்லாம் நம்ம சனங்ககிட்டதான வாங்குன?" என்றார் மாமியார். "நல்லாப் புள்ள வளத்தவங்ககிட்ட வாங்குனேன் அத்தை" என்றேன். பொய் இல்லை. ஆனால் பெயரைச் சொல்லாமல் விட்டேன்.

ஆகஸ்ட் 31

இன்று வளைகாப்பு. கை நிறைய வளையல். மனசு நிறைய எரிச்சல்.

மங்கலம் அக்கா வந்திருந்தார். நான்தான் அழைத்தேன். தெருப் பெண்கள் எல்லாரும் என் கையில் வளையல் போட்டுவிட்டுச் சந்தனம் பூசினார்கள். அக்கா தன் வளையலோடு எழுந்து வந்தார். மாமியார் குறுக்கே நின்று, "அங்க வெச்சிட்டுப் போம்மா, அப்பறமா அவளே போட்டுக்குவா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. செருப்பை வெளியே விடச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். "அவங்க போடுற வளையல் மட்டும் ஆவாதா? அவங்க பொடவையிலதான் உங்க பேரப்புள்ள படுக்கப்போவுது. அந்தப் போர்வையில இருக்கறதுல ஒண்ணு அவங்களோடது, தெரியுமா?"

மங்கலம் அக்கா என்னைப் பாத்த பார்வை — மாமியாரைக்கூட அப்படிப் பாக்கல. சாப்பிடாமப் போயிட்டாங்க.

அருண் உள்ளே இழுத்துப்போய், "இப்ப இது தேவையா?" என்றான். தன் அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கலாமே இதை?

செப்டம்பர் 1 – கடலூர்

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கிளம்பும்போது போர்வையை எடுத்தேன். "அது இங்கியே இருக்கட்டும்" என்று மாமியார் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மங்கலம் அக்காவுக்கு போன் செய்தேன்.

"நா புள்ளைக்குக் குடுத்தேன் டீச்சர். நீங்க அத எடுத்து உங்க மாமியாருமேல வீசுனீங்க. உங்க ரெண்டு பேரு சண்டைக்கு எம்பொடவதான் கெடச்சுதா?"

வைத்துவிட்டார்.

என் கோபம் நியாயமானது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவமானப்பட்டு நின்றவர் அவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவரை வைத்து ஜெயிக்கப் பார்த்தவள் நான்.

செப்டம்பர் 17

அருண் போன். "அம்மா பீரோவத் தொறக்க மாட்டேங்குது கயலு. வேற ஒண்ணு தச்சிடேன்."

தைக்க மாட்டேன் என்றேன். தைக்கவும் முடியாது. பிரஷர் ஏறி விரலெல்லாம் வீங்கிவிட்டது, ஊசி பிடிபடவில்லை. விவரம் தெரிந்து ஊசி இல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. பயமாக இருக்கிறது. பிரசவத்தை நினைத்தா, சும்மா கிடக்கும் கையை நினைத்தா, தெரியவில்லை.

அக்டோபர் 23

பெண். நாள் முழுதாக ஆகும் முன்பே அறுத்து எடுத்துவிட்டார்கள். எடை குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள்.

அக்டோபர் 28

இன்றுதான் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். மழையில் நனைந்துகொண்டு சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து மாமியார் வந்தார். பையிலிருந்து போர்வையை எடுத்து நீட்டினார்.

"அவ துணியப் பிரிச்சு எடுத்துட்டேன். இனிமே படுக்க வையி."

விரித்துப் பார்த்தேன். நடுவில் புத்தம்புது சிவப்பு ரவிக்கைத்துணியை வைத்துத் தைத்திருந்தார். போயிருப்பது சாம்பல் துண்டு. பக்கத்தில் கத்திரிப்பூ நூல்கூடப் பிரியாமல் இருக்கிறது. இருப்பதில் வெளுத்துப்போனது எதுவோ அதுதான் காலனித் துணியாக இருக்கும் என்று முடிவு கட்டியிருக்கிறார்.

"பிரிச்சத என்ன பண்ணீங்க?"

"குப்ப வண்டியில போட்டேன்."

மகனைத் தூளியில் ஆட்டிய புடவை. வாய் வரை வந்துவிட்டது. ஒரே வாக்கியம் போதும், அந்த இடத்திலேயே உடைந்துபோவார். அப்போது 'வீசுனீங்க' என்ற மங்கலம் அக்காவின் குரல் காதில் கேட்டது. எதுவும் சொல்லவில்லை. பிள்ளையைக் கிடத்தினேன். கத்திரிப்பூவில் கன்னம் பதித்துத் தூங்கினாள்.

இரக்கத்தால் சும்மா இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

நவம்பர் 21

முப்பதாம் நாளுக்கு மாமியார் வந்தார். பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையின் கத்திரிப்பூத் துண்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "இது யாரு பொடவ கயலு? பூ மாதிரி இருக்குது."

அவராகத்தான் கேட்டார்.

"மங்கலம் அக்காவோடது அத்தை."

கை நின்றது.

"அப்ப நா பிரிச்சது?"

"உங்களோடது. அவரு பொறந்தப்ப தூளி கட்டுனீங்களாமே, அது. சத்யா அண்ணி குடுத்தாங்க."

போர்வையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு, "அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றார். சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார்.

நவம்பர் 30

மங்கலம் அக்கா வந்தார். நான் கூப்பிடவில்லை, கூப்பிட முகம் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"கோவம் இருக்குது டீச்சர். அது பாட்டுக்கு இருக்கட்டும். புள்ளயக் காட்டுங்க."

போர்வையைப் பார்த்தார். "மூத்திரம் பேஞ்சுட்டாளா?"

"தெனமும்."

"அப்ப சரி."

விரல் வீக்கம் வடிந்துவிட்டது. அவர் போனதும் பிரிந்திருந்த ஓரத்தை எடுத்துத் தைத்தேன். ஒரு சாண் தைப்பதற்குள் மூச்சு சீரானது.

ஜனவரி 25, 2026 – ஞாயிறு – சிதம்பரம்

பொங்கல் முடிந்து இங்கே வந்ததிலிருந்து மாமியார் போர்வையைத் தொடவில்லை. அவர் மாறிவிட்டார் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். நேற்றுகூட அருணிடம், கண்ட வீட்டில் தண்ணி குடிக்காதே என்றார்.

இன்று காலை நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது வெளிக்குழாயில் துவைக்கும் சத்தம். சொட்டச் சொட்டப் போர்வையோடு வந்து நின்றார். சிவப்புத் துணியின் சாயம் இறங்கி, சுற்றியிருந்த துண்டெல்லாம் திட்டுத்திட்டாகிவிட்டது. புதுத்துணியை அலசாமல் பழந்துணியோடு சேர்த்தால் அப்படித்தான் ஆகும்.

வாசற்படியில் உட்கார்ந்து அவரே சிவப்பைப் பிரித்தார். உள்ளே போய், போன வருஷம் வரை தினமும் கட்டிய நீலப்புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"இத வையி. எனக்குக் கண்ணு தெரியல."

"பக்கத்துல மங்கலம் அக்காவோடது அத்தை. ரெண்டையும் ஒண்ணா மடிச்சுப் புடிச்சுத்தான் தைக்கணும்."

போர்வையிலிருந்து தண்ணீர் படியில் வழிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார்.

"காயட்டும்" என்றார். "காஞ்சதும் தையி."