குளிர்ந்து கிடந்த ரேடியேட்டர்

இன்று சந்தையடியில் பஸ் ஒன்று கொதித்து நின்றது. துருத் தண்ணீரும் ரப்பரும் சேர்ந்து வெந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும், நீ போய் இத்தனை காலத்துக்குப் பிறகும், உன் கறுத்தக் காரின் பின் சீற்றில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நான் கரடியனாற்றில் மருத்துவிச்சி, நீ அங்கே பள்ளிக்கூட ரீச்சர். அந்தப் பக்கத்தில் கார் ஓட்டிய பெண் நீ ஒருத்திதான். உன் அப்பா விட்டுப்போன காரை நீயே கழற்றிப் பூட்டுவாய். நான் பேறு பார்க்கப் போன கண்மணியின் வயிற்றில் பிள்ளை கால் முன்னுக்கு வருகிறது என்று தெரிந்ததும், மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உன்னிடம்தான் ஓடி வந்தேன்.

நிழலே இல்லாத வட்டை வயல்வெளியில் எஞ்சின் கொதித்து முட்டத் தொடங்கியது. பொனட்டைத் திறந்தாய். அனல் அடித்தது. வழியில் வந்த மாட்டு வண்டிக்காரர், "தண்ணி ஊத்துங்க புள்ள," என்றார். நீ ரேடியேட்டரில் புறங்கையை வைத்துப் பார்த்தாய். அதற்குப் போகும் மேல் குழாயையும் தொட்டாய்.

"எஞ்சின் கொதிக்குது, இது குளிர்ந்து கிடக்கு. தண்ணி குறையல்ல, ஓடாம நிக்குது. தேமோஸ்டாட் இறுகிப் போச்சு."

தண்ணீர் சூடானதும் தானாகத் திறந்து வழிவிட வேண்டிய சின்ன மூடி அது.

"அப்ப கழட்டன்!" என்று கத்தினேன். கண்மணி என் சேலையைப் பிடித்து முனகிக்கொண்டிருந்தாள்.

"இப்ப திறந்தா நீராவி என்ட முகத்தில அடிக்கும். மறுகா ஆர் காரோட்டுற? கொஞ்சம் ஆறட்டும்."

எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. நீயோ கண்மணியின் தலையை மடியில் வைத்து, பிள்ளைக்கு என்ன பெயர் என்று ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். அவளும் வலிக்கு நடுவே ஒவ்வொரு பெயராகச் சொன்னாள்.

சூடு தணிந்ததும் ஈரச் சாக்கைப் போட்டுத் திறந்தாய். இறுகிய மூடியைப் பிடுங்கிப் புல்லுக்குள் எறிந்தாய். பிஸ்கட் பெட்டி மட்டையை வளையமாக வெட்டி, தண்ணீர் கசியாமல் இடையில் வைத்துப் பூட்டினாய். வாய்க்கால் தண்ணீர் ஊற்றினோம். மேல் குழாய் சுடத் தொடங்கியதும், "ஓடுது," என்றாய்.

பிள்ளை பிறந்த பிறகு உன்னைத் தேடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். நீ இன்னும் காருக்குள்ளேயே இருந்தாய்.

"பொம்பிளப் பிள்ள. ரெண்டு பேரும் சுகம்."

உன் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. "விடுதில்ல கா," என்று சிரிக்கப் பார்த்தாய். நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ கடினமான பேறுகள் பார்த்தேன். உள்ளே பதறினாலும் தாய்மாரிடம் ஆறுதலாகவே பேசினேன். பயமறியாதவள் என்று ஊர் சொன்னது. பயத்தோடும் அப்படிப் பேசலாம் என்பது உன் விரல்களைப் பிரித்த எனக்குத்தான் தெரியும்.