மடியில் ஒரு பெட்ரோல் டின்

மச்சான்,

நேற்றுக் காலை மண்டி மொஹல்லா தகரப் பட்டறையில் நம் காரின் பழைய பெட்ரோல் டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தார்கள். பாய் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் பொலபொலவென்று துரு கொட்டியது. அதோடு நகத்தளவு அரக்குச் செதில் ஒன்றும் விழுந்தது, நீங்கள் மேசை நாற்காலிகளுக்குப் போடும் பாலிஷின் அதே நிறத்தில். எடுத்து முகர்ந்தேன். பெட்ரோல் நெடிதான் அடித்தது. இருந்தாலும் என் மூக்குக்கு உங்கள் மரப்பட்டறையின் வாசனை வந்துவிட்டது. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. தெருக்கோடி வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். ‘இந்த ஆளுக்கு என்ன வந்தது?’ என்று பாய் நினைத்திருப்பார்.

புது டாங்கிக்கு உள்ளே ஏதாவது பூசட்டுமா என்று அவர் கன்னடத்தில் கேட்டார். ‘பேடா, பேடா! வேண்டவே வேண்டாம்!’ என்று நான் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

பின்னே கத்தாமல் என்ன செய்வது? யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து, நம் கார் காலி டாங்கியோடு மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றது. காலியாகக் கிடந்தால் உள்ளே ஈரம் கோத்துத் துரு ஏறும் என்று நம் இருவருக்கும் தெரியவில்லை. அடியில் ஊசி ஊசியாய்த் துளைகள். புது டாங்கி கப்பலில் வரவேண்டும். அந்தக் காலத்தில் எந்தக் கப்பல் நமக்காக வரும்? பாய் டாங்கியைத் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, ஈயப் பற்று வைத்துத் துளைகளை அடைத்தார். நீங்கள் அதோடு விட்டிருக்கலாம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து டாங்கிக்குள் ஊற்றினீர்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டிலை ஆட்டுவதுபோல் ஆட்டினோம்.

“ஒட்டுமாங்க மச்சான்?” என்றேன்.

“மேசை மேல காபி கொட்டுனாலே ஒண்ணும் ஆகறதில்ல. டாங்கிக்கு என்ன கேடு? பதறாதே மாப்ள.”

ஒட்டத்தான் செய்தது. மரம் வாங்க நான் எத்தனையோ ஊர் போய் வந்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்புறம்தான் இங்கே சாராய ஸ்பிரிட் கலந்த பெட்ரோலை விற்க ஆரம்பித்தார்கள். நாமும் கூப்பனைக் கொடுத்து நிரப்பிக்கொண்டோம். தினமும் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைக்கிறவர் நீங்கள். அதே கரைசல் டாங்கிக்குள்ளேயும் நடக்கும் என்று உங்கள் மண்டையில் ஏன் உறைக்கவில்லை? எனக்கும்தான் உறைக்கவில்லை. ஆனால் நான் பாலிஷ்காரன் இல்லையே!

அன்று ராமாபுரத்திலிருந்து பஸ் டிரைவர் மூலமாகச் செய்தி வந்தது. தலைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குப் போயிருந்த அக்காவுக்கு வலி கண்டு வெகுநேரம் ஆகியும் குழந்தை பிறக்கவில்லை, கொள்ளேகாலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். நீங்கள் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் கிளம்பினீர்கள், நானும் ஏறிக்கொண்டேன். அனூர் தாண்டி ஒரு மேட்டில் கார் இருமியது, விக்கியது, நின்றுவிட்டது. கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே பிசுபிசுவென்று பழுப்புக் கூழ். உங்கள் அரக்கு.

நான் ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் ஓடினேன். வாய்க்கு வந்தபடி உங்களைத் திட்டினேன். அக்காவின் பெயரைச் சொல்லி அழுதேன். நீங்கள் சீட்டுக்கு அடியிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக் கார்புரேட்டரைக் கழுவினீர்கள். பின்னால் எப்போதும் வைத்திருக்கும் பெட்ரோல் டின்னை எடுத்தீர்கள். அதற்குள் அரக்குப் பூசவில்லை என்பதுதான் அன்றைக்கு நமக்கு இருந்த ஒரே அதிர்ஷ்டம். டின்னிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு ரப்பர் குழாய். டின் உயரத்தில் இருந்தால்தான் பெட்ரோல் இறங்கும். என்னை முன்சக்கரத்து மட்கார்டின் மேல் உட்காரவைத்து, டின்னை மடியில் கொடுத்தீர்கள்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்களே, நான் மடியிலேயே கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இன்ஜின் கொதிக்கிறது. ஒரு கை பெட்ரோல் அதன்மேல் சிந்தினால் காரும் இல்லை, நாமும் இல்லை. என் கை வெடவெடவென்று ஆடியது. அப்போதுதான் சொன்னீர்கள்: “கொட்டாம புடி மாப்ள. அது போதும்.”

வேறு எதுவும் நான் செய்ய வேண்டியதில்லை என்பதுபோல் சொன்னீர்கள். கை எப்படியோ நின்றது. ராமாபுரம் போனோம். அக்காவைப் பின் சீட்டில் படுக்கவைத்தோம். கொள்ளேகாலம் வரை அவள் கத்திய கத்தல் என் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நான் திரும்பவே இல்லை, டின்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அக்கா பிழைத்தாள். நீங்கள் வராந்தாவில் உட்கார்ந்து அப்போதுதான் சட்டைப் பொத்தானைப் போட்டீர்கள்.

போன வருஷம் உங்களுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது, டாங்கியைக் கழுவி வைத்திருந்ததால் கார் நன்றாகத்தான் ஓடியது. ஆஸ்பத்திரியும் பக்கத்தில்தான். வேகமாக எங்கேயாவது போய் எதையாவது கொண்டுவரச் சொல்ல மாட்டார்களா என்று வார்டு வாசலில் நடந்துகொண்டே இருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் உங்கள் வாயில் கஞ்சித் தண்ணீர் விட நர்சம்மா என்னிடம் டம்ளரைக் கொடுத்தாள். கஞ்சித் தண்ணீர் விளிம்பில் தளும்பியது. நீங்கள் கண்ணைத் திறந்து பார்த்தீர்கள். அந்தக் காய்ச்சலிலும் உங்களுக்குச் சிரிப்பு. “கொட்டாம புடி மாப்ள.” நான் கொட்டாமல்தான் பிடித்தேன் மச்சான். ஆனால் இந்தத் தடவை அது போதவில்லை.

நாளைக்குப் பாப்பாவுக்கு முடியிறக்க ராமாபுரம் போகிறோம். அதே ரோடு. காரில்தான் போகவேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதற்காகத்தான் இந்த டாங்கி. வெளியே இரண்டு கை சிவப்பு வர்ணம் அடித்தாயிற்று. டாங்கியைத் தாங்கும் இரும்புப் பட்டை உராயும் இடத்தில் தேயாமலிருக்கத் தோல் வைத்தாயிற்று. கல் அடிக்காமலிருக்க அடியில் தகடு. இனிக் காலியாகவும் நிறுத்தமாட்டேன். இத்தனையும் செய்தபிறகும் இன்று மத்தியானத்திலிருந்து நாலைந்து தடவை காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டேன். அந்தப் பழைய டின் இப்போதும் பின்னால்தான் இருக்கிறது. யாராவது கார் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்தால், என் இரண்டு கையும் மடியில் வந்து எதையோ வளைத்துப் பிடித்துக்கொள்கின்றன. பாப்பா அதைத் தன் இடம் என்று நினைத்து ஏறி உட்கார்ந்துகொள்கிறாள்.

சாயங்காலம் அந்த டின்னிலிருந்துதான் புது டாங்கிக்கு முதல் பெட்ரோலை ஊற்றினேன். அக்கா புனலைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, “கொட்டாம ஊத்து சாமி” என்றாள்.

கொட்டிவிட்டேன், மச்சான்.