அகத்தி நட்டாச்சுங்களா?

அம்மணி,

இன்று மதியம் சாப்பாட்டுப் போசியைத் திறந்தால் அகத்திக்கீரைப் பொரியல். வாசம் ஏறியதும் மூடிவிட்டேன். வீட்டுக்காரி பாவம், சந்தையில் மலிவாகக் கிடைத்ததாம். அகத்தி என்றாலே எனக்கு உன் ஞாபகம் என்று அவளுக்கு யார் சொல்வது?

முப்பது வருஷம் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டியவன் நான். தோள்பட்டை போனதும் வெல்டிங் பிடிக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் பாடிக்குப் படம் போடக் கற்றுக்கொண்டால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார் ஓனர். கற்றுத்தர நீ வந்தாய், பரமத்தி வேலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி. என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். முதல் நாள் நான் மவுஸைத் திருப்ப, திரையில் லாரி ஒருபக்கமாகப் போனது. "அய்யோ, சாயுது!" என்று கத்தி மேஜையைப் பிடித்துக்கொண்டேன். ஆபீஸே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. இல்லை, சிரித்தாய், திரும்பி நின்றுகொண்டு. "லாரி நின்ன எடத்துலதானுங்கண்ணா நிக்குது. நீங்கதான் கோயிலைச் சுத்தற மாதிரி அதைச் சுத்தி வாரீங்க" என்றாய்.

அப்புறம் அந்த அகத்தி. திரையில் எதை வைத்தாலும் மிதந்துகொண்டே போகும். இரும்பாவது போட்ட இடத்தில் கிடக்கும், இது என்ன எழவெடுத்த பெட்டி என்று நான் கத்த, நீ உங்கள் வெற்றிலைக் கொடிக்காலைச் சொன்னாய். "மொதல்ல அகத்தி நடோணுங்க. அப்புறம் கொடியை வாழைநார் போட்டு அதுல கட்டோணும். இங்க லாரியோட அடிச்சட்டம், அந்தச் சேஸிஸ்தான் அகத்தி. அதை அசையாம நிறுத்திப்போட்டு மத்ததை ஒன்னொன்னா அதோட கட்டுங்க." கொடிக்காலைக் கண்ணால் பார்த்திராத எனக்கு அன்றே பிடிபட்டுவிட்டது. அதிலிருந்து காலையில் பையை இறக்குமுன்பே கேட்பாய்: "அண்ணா, அகத்தி நட்டாச்சுங்களா?"

ஒருநாள் நான் கேட்டேன்: நட்ட அகத்தி பட்டுப்போனால்? சேஸிஸையே மாற்றச் சொன்னால்?

"அது பெரிய வேலைங்கண்ணா. அதை மட்டும் தனியாத் தொட்டுராதீங்க. பக்கத்துல உக்காந்து சொல்லித்தாரேன்."

மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டாய். நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாய். காய்ச்சலுக்கா சாவார்கள், அம்மணி? எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம், நீ பாதியில் விட்ட பாடிக்கு வேறு சேஸிஸ் என்றார் ஓனர். சனிக்கிழமைக்குள் படம் வேண்டும். பழைய சேஸிஸை அழித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பலகை, தூண், கேபின் எல்லாம் அந்தந்த இடத்திலேயே நின்றன. அப்பாடா என்று மவுஸால் ஒரு தூணைத் தொட்டேன். அது தனியாக மிதந்து போயிற்று. அடுத்ததைத் தொட்டேன். அதுவும் போயிற்று.

கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை, கொடிக்காலைப் பற்றியாவது கேட்போம் என்று உங்கள் பரமத்தி வேலூருக்குப் பஸ் ஏறினேன். பைத்தியக்காரத்தனம்தான். உன் அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க, அகத்தி பட்டுப்போனா கொடியை என்னங்க பண்ணுவீங்க?" என்றேன். 

"என்ன சாமி பண்றது? அதைப் புடிச்சு ஏறுனது அதோடயே போயிரும்."

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை ஓனரிடம் "நம்மால ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டேன். படம் வெளி ஆளிடம் போய்விட்டது. இந்த மாதத்தோடு என்னை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

நான் செய்த களேபரத்தைச் சேமிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டபோது வேண்டாம் என்று அழுத்தினேன். அதனால் பழைய சேஸிஸ் மேல் உன் லாரி அப்படியே நிற்கிறது. யாருக்கும் வேண்டாத லாரி. தினமும் வந்ததும் திறந்து ஒருதரம் சுற்றி வருகிறேன். எதையும் தொடுவதில்லை.

மாதம் முடிந்தால் அதுவும் கிடையாது. அகத்தி நட்டாச்சுங்களா என்கிற உன் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வரும். காலையில் எழுந்ததும் கேட்கும். நடுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது.