வட்டமாக நிற்கும் புதரும் உன் வீட்டு இடமும்

லூசர்ன் பள்ளத்தாக்கு
அக்டோபர் 1976

அன்பு மகள் கோரினுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருக்கு முதுகு வலிதான் போவதும் வருவதுமாக இருக்கிறது. அந்த வடகோடி ஃபேர்பேங்க்ஸில் இந்நேரம் பனி விழ ஆரம்பித்திருக்கும், நீயும் மாப்பிள்ளை ராய்ஸும் குழந்தையும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று உடனே எழுது. இங்கே மூன்று நாளாகக் காற்று ஓயவில்லை, கொட்டகைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது, என் மனமும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு வரி எழுதுவதும் எழுந்து வாசலுக்குப் போய் ஓடைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வருவதுமாக இருக்கிறேன், அதனால் கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் மாலைப் பள்ளியில் சேர்ந்ததைப் போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். பதினாறு வயதில் கல்யாணத்துக்காக விட்ட படிப்பை இந்த வயதில் எடுத்ததற்கு ஊரே சிரிக்கிறது. புல்டோசர் வைத்திருக்கும் நம் பக்கத்து நிலத்து ஹாய்ட் என்னைப் பெட்ரோல் பங்கில் பார்த்துவிட்டு, "என்ன ஸ்கூல் பொண்ணே, சாப்பாட்டு டப்பாவைக் காணோம்?" என்று எல்லாரும் கேட்கும்படி கத்தினான். கத்தட்டும். உயிரியல் பாடம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது கோரின், பீன்ஸ் அடுப்பில் தீய்ந்தது தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன். ஓக்டன் வாத்தியார் ஆளுக்கொரு செடியைக் கவனித்து எழுதச் சொன்னார், நான் நம் வீட்டுக்கு எதிரே கீழ்த்திட்டில் இருக்கும் கிரியோசோட் வட்டத்தை எடுத்துக்கொண்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், மழை பெய்தால் தார் வாசனை அடிக்குமே அந்தப் புதர்கள்தான், நடுவில் வெறும் மணலும் சுற்றிலும் புதருமாக. போர்க்காலத்தில் ராணுவ டேங்க் சுற்றித் திரும்பியதால் வந்த வட்டம் என்று அப்பா சொல்வார், ஹாய்ட் பறக்கும் தட்டு இறங்கிய இடம் என்பான்.

இரண்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தச் செடி நடுவில் முளைத்து, பழைய தண்டு சாகச் சாக வெளிப்பக்கமாகப் புதுத் தண்டு விட்டுக்கொண்டே நகர்கிறது, அதுவும் ஒரு வருஷத்துக்கு நகக்கீறல் அளவுகூட இல்லை. ஆகவே சுற்றி நிற்பவை பல செடிகள் இல்லை, எல்லாம் ஒரே செடி. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். செப்டம்பர் மழைக்குப் பிறகு வட்டத்திலிருந்த அத்தனை புதரும் ஒரே வாரத்தில் பூத்தன, வெளியே நிற்பவை முன்னும் பின்னுமாகப் பூத்தன. வட்டத்துப் புதர்களின் கிளைகளில் பாசி படிந்தது போல நெல்லிக்காய் அளவில் உருண்டைகள் இருக்கின்றன, ஒரு சின்னப் பூச்சி முட்டையிடுவதால் வரும் வீக்கம் அது, வெளியே நிற்பவற்றில் அது கிடையாது. நடுமணலைக் கிளறினால் மக்கிய மரத்தூள் வந்தது. வாத்தியார், "நல்ல அடையாளந்தாம்மா, ஆனா நிரூபணம்னு சொல்ல முடியாது" என்றார். நான் சொல்வது உண்மையானால் அந்தச் செடிக்கு வயது ஆயிரக்கணக்கில் இருக்கும் என்றும் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இப்போது சங்கடத்துக்கு வருகிறேன். நீங்கள் இங்கே வந்தால் குடியிருக்க, லாரியில் இழுத்து வந்து வைக்கும் மொபைல் ஹோமை நிறுத்த அப்பா முளையடித்து வைத்திருப்பது அந்தக் கீழ்த்திட்டில்தான். சமதளம், கிணறு பக்கம், எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் உன் வாசல் தெரியும். ஹாய்ட் சனிக்கிழமை புல்டோசரோடு வந்து புதர்களை வழித்துவிடுவதாக இருந்தது. இன்னொரு இடம் என்றால் வறண்ட ஓடைக்கு அந்தப் பக்கம், கல்லும் கரடுமாக இருக்கும், தண்ணீர்க் குழாய் நீளமாகப் போட வேண்டும், ஜன்னலிலிருந்து ஒன்றும் தெரியாது. நான் விஷயத்தைச் சொன்னதும் அப்பாவுக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாததா. "இந்தப் பாலைவனம் முழுக்க அந்தக் குப்பைச் செடிதான் ஐடெல், அதுல ஒண்ணுக்காக என் பொண்ணை ஓடைக்கு அந்தாண்ட தள்ளணுங்கிறியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போனார். மறுநாள் அவர் டவுனுக்குப் போனபோது நான் முளைகளைப் பிடுங்கிவிட்டேன். அவர் வந்து பார்த்தார், முளைகளை அதே இடத்தில் திரும்ப அடித்தார்.

வியாழக்கிழமை காலை காப்பி குடிக்கும்போது, "அந்த உருண்டை எப்படியிருக்கும்?" என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வெளியேயிருந்து, "ஐடெல், இங்க வா. நம்ம குழாயடிப் புதர்லயும் தொங்குது பார். உன் ஆராய்ச்சி அவ்வளவுதான்!" என்று வெற்றிக் குரலில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன், உண்மைதான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. வட்டம் அங்கே இருக்க, குழாயடி வண்டிப் பாதைக்கு இந்தப் பக்கம் வீட்டையொட்டி இருக்கிறது. பிறகு என்ன தோன்றியதோ, துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து ஒரு நுனியை வட்டத்தின் நடுவில் அப்பாவைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுநுனியோடு புதர்களை ஒட்டியே சுற்றிவந்தேன். வட்டத்தில் வீட்டுப் பக்கமாக ஒரு இடைவெளி இருக்கும் இல்லையா, அது நம் வண்டிப் பாதைதான். கயிறு கூடாமல் குறையாமல் அந்தப் பாதையைக் கடந்து நேராகக் குழாயடிப் புதரில் வந்து நின்றது. அதுவும் வட்டத்துப் புதர்தான் கோரின், பாதை போகும் இடத்தில் இருந்ததைத்தான் யாரோ வழித்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் பாதையை வெட்டியது அப்பா, நீ பிறந்த வருஷம். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பாதை வரைக்கும் வந்தார். "இத்தனை வருஷமா டேங்க் டேங்க்னு சொன்னேன், கடைசியில டேங்க் நான்தானா" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார், ஆனால் முகம் சரியாக இல்லை. ஹாய்ட்டை வர வேண்டாம் என்று அவரே போய்ச் சொல்லிவிட்டார். "என்னடா வெர்லின், வீட்டுக்காரி உன்னையும் ஸ்கூல்ல சேர்த்துட்டாளா?" என்று ஹாய்ட் கேட்டானாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் இருக்கிறேன். நீ வருவதாக இன்னும் எழுதவே இல்லை. ராய்ஸுக்கு அங்கே எண்ணெய்க் குழாய் பதிக்கும் வேலை முடிந்தால் பார்க்கலாம் என்று ஜூன் மாதக் கடிதத்தில் ஒரு வரி எழுதினாய், அதை வைத்துக்கொண்டுதான் இவர் முளையடித்தார், நான் திரை தைத்தேன், செடிக்காகச் சண்டையும் போட்டோம். எங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று சொல்லாமல் இருந்தால் அது வேண்டாம், வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுது. வருவதானால் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கச் சம்மதமா என்றும் எழுது. குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு, ராய்ஸ் வாங்கிய பழைய மண்ணெண்ணெய் அடுப்பை ராத்திரி எரியவிட்டுத் தூங்காதே. உங்கள் மூவரையும் கடவுள் கண்போலக் காப்பாற்றட்டும். எதுவானாலும் பதிலைச் சீக்கிரம் போடு, ஏனென்றால் அப்பா யாரையும் கேட்காமல் இன்று காலையிலிருந்து ஓடைக்கு அந்தப் பக்கம் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கிறார், கைக்கடப்பாரையால், அந்த முதுகை வைத்துக்கொண்டு. நான் சொன்னால் நிறுத்த மாட்டார்.

உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா ஐடெல்லா