ஆடி மொட்டை

ஜூன் 19, 2025

செல்விக்குத் தலை பின்னும்போது இன்று பார்த்தேன். வலது காதுக்கு மேலே அஞ்சு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெறும் தோல். பூச்சிவெட்டு என்று நினைத்தேன். அவளே சொன்னாள்: "பூச்சி இல்லம்மா. நான்தான் பிடுங்குறேன். எனக்கே தெரியாம கை போயிருது."

பதினொன்றாம் வகுப்புப் பெண். பின்னலைத் தழைய விட்டு, மேலே கனகாம்பரம் வைத்து மறைத்து அனுப்பினேன்.

ஜூன் 27

மாலையில் வாசல் கேட் சத்தம் கேட்டதும்தான் அவள் கை தலைக்குப் போகிறது. உள்ளே வருகிறவர் அவள் அப்பா, கையில் வாழைப்பழச் சீப்போடு. குடியை விட்டு ஒன்பது வருடம். கடை வீதியில் அவரைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுகிறார்கள்: "அண்ணாச்சியப் பாத்துத் திருந்துங்கடா."

முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் குழந்தையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நான் அடி வாங்கப் போவேன். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு எல்லாம் முடிந்துபோனது. இவளுக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

ஜூலை 3

டாக்டரிடம் போகலாம் என்று அவரிடம் சொன்னேன்.

"வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கேப்பாக. என்ன சொல்லுவ?" என்றார். குரல் உயரவில்லை. இப்போது உயர்வதே இல்லை. அவருடைய அக்கா, சரஸ்வதி மதினி, வழி சொல்லிவிட்டார்: "ஆடில குலசாமிக்கு முடி எறக்குவோம். நேத்திக்கடன்னு சொன்னா யாரு என்ன கேக்கப்போறா? நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்கணும்ல."

எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள் நான். தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 1

மொட்டை போட்டாயிற்று. முடி எடுப்பவர் பாதியில் கத்தியை நிறுத்தினார். "இந்த எடம் ஏற்கெனவே வழுவழுன்னு கெடக்கே தாயி?"

மதினி முந்திக்கொண்டார். "சூட்டுக் கொப்புளம்ப்பா. நீ எடு."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 4

பள்ளிக்கூடத்தில் கேலியாம். "ஏய் மொட்ட, வேண்டுதல் மார்க்குக்கா, மாப்பிள்ளைக்கா?" ரெண்டுக்கும்தான் என்று சொல்லிச் சிரித்தாளாம். எங்களைப் போலவே மறைக்கப் பழகிவிட்டாள்.

ஆகஸ்ட் 20

இமை. வலது கண்ணில் ஒரு முடிகூட இல்லை. இதற்கு எந்தச் சாமியைச் சொல்ல?

ஆகஸ்ட் 21

அவருக்குச் சோறு போடும்போது சொன்னேன்: "நாளைக்கு விருதுநகர் டாக்டர்ட்ட போறோம். இல்லன்னா அவளைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

அண்ணன் வீட்டில் எங்களுக்கு இடமில்லை. அது அவருக்கும் தெரியும். கை கழுவிவிட்டு வந்து, "சரி, நானும் வாரேன். நான்தான் பேசுவேன்" என்றார்.

ஆகஸ்ட் 22

பேசினார். பரீட்சைப் பயம் என்றார், செல்போன் என்றார். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். சின்ன வயதில் பயந்த ஞாபகம் உண்டா என்று டாக்டர் செல்வியிடம் கேட்டார்.

"கனவு மாதிரி ஒண்ணு வரும். யாரோ அம்மாவ அடிக்கிறாக. ஆனா நெசமில்ல."

நெசமில்லையா? ஐயோ, என் கண்ணே.

"நெசந்தான்டி. உங்க அப்பாதான். நீ பிறக்குறதுக்கு முன்னாலருந்து, உனக்கு ஏழு வயசு வரைக்கும்."

அவள் அழவில்லை. மூச்சை விட்டாள். "நான்தான் லூசுன்னு நெனச்சுட்டேம்மா."

தினமும் பயந்தே வளர்ந்த மூளை, பயம் போன பிறகும் காவலை விடாது என்றார் டாக்டர். விட வைக்கலாம், நாளாகும் என்றார். மாதம் ஒருமுறை வரச் சொன்னார்.

வெளியே அவள் அப்பா மூன்று இளநீர் வெட்டி வாங்கி வைத்திருந்தார். டாக்டர் என்ன கேட்டார் என்று அவர் கேட்கவில்லை. நான் ஒன்றை வாங்கிக் குடித்தேன்.

"எனக்கு வேண்டாம்ப்பா," என்றாள் செல்வி, அவர் முகத்தைப் பார்த்து. நீட்டிய கையோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.