ஆறு சக்கர ஆடிக் காற்று

மேடம்,

நேற்று மோகனூரில் என் மச்சினன்களின் காட்டில் பழைய கரும்புக் கட்டையைப் பெயர்க்க ட்ராக்டர் விட்டிருந்தோம். கலப்பைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு முழ நீளத்தில் ஒரு குழாய் மேலே வந்தது. நுனியில் வெள்ளைப் பீங்கான், ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது. மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். கறுப்பு மையில் 9 என்று உங்கள் கையெழுத்து. வெயிலும் தண்ணீரும் பட்டாலும் அழியாத மை என்று சொல்லித்தான் அந்தப் பேனாவைச் சேலத்திலிருந்து வாங்கி வந்தீர்கள். அழியவில்லை.

வேறு எந்த நம்பர் வந்திருந்தாலும் ட்ராக்டர்காரரிடம் ஓரமாகப் போடச் சொல்லியிருப்பேன். ஒன்பது என்பதால் மடியில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சட்டைப் பையில் ஒரு படிவம் இருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் முதல்முறை என் கிரஷருக்கு வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். லாரி கிளீனராக ஆரம்பித்து, ஜல்லி புரோக்கராகி, கடன் வாங்கிக் கிரஷர் போட்டவன் நான். ஜல்லியை விற்றுவிடலாம், மணலை விற்றுவிடலாம். மிஞ்சுகிற கருங்கல் பொடிதான் மலை மாதிரி குவிந்து கிடக்கும். அதை அள்ளிப் போகச் சொல்லி நான் ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, “அண்ணா, இந்தப் பொடி விலைக்குக் கிடைக்குமா?” என்றீர்கள். கேட்பவர் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை பெரிய வாடிக்கையாக இருக்க வேண்டும் என்று நினைத்து நாற்காலி போடச் சொன்னேன்.

அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. “மழைத் தண்ணியில காத்துல இருக்கற கரியமில வாயு கொஞ்சம் கரைஞ்சிருக்கு. மண்ணுக்குள்ள வேர் மூச்சு விடறதுல இன்னும் சேருது. அந்தத் தண்ணி கல்லை அரிச்சா, வாயு உப்பா மாறித் தண்ணியோட காவிரிக்கும் கடலுக்கும் போயிடும். திரும்பக் காத்துக்கு வர ரொம்பக் காலம் ஆகும். மலை அதைத்தான் யுகம் யுகமாச் செய்யுது. நாம அரைச்சுக் கொடுத்தா வேகமாச் செய்யும்.”

“இதுல நமக்கு என்னங்க மேடம்?”

“நிஜமா நடக்குதுன்னு அளந்து காட்டிட்டா, காசு கொடுத்து உங்க பொடியைக் காட்டுல போடச் சொல்ல ஆள் இருக்காங்க. அளக்கறதுதான் கஷ்டம்.”

காசு என்ற சொல் மட்டும் முழுசாகப் புரிந்தது. மோகனூரில் என் வீட்டுக்காரியின் தம்பிகள் இரண்டு பேரின் செம்மண் காட்டை நான்தான் பேசி முடித்துக் கொடுத்தேன். பன்னிரண்டு பாத்தி பிரித்து, மண்ணுக்குள் ஊறும் தண்ணீரைப் பிடிக்கப் பாத்திக்கு ஒரு குழாய் நம்பர் போட்டுப் புதைத்தீர்கள். ஆறில் பொடி, ஆறு வெறும் பாத்தி. எதில் எது என்பதற்குச் சீட்டுக் குலுக்கினீர்கள். வெறும் பாத்தி எதற்கு, அங்கேயும் போட்டால் என்ன என்று நான் கேட்டபோது என் எடை மேடையைக் காட்டினீர்கள்.

“லோடு ஏத்தறதுக்கு முன்னாடி காலி வண்டியை எதுக்குண்ணா எடை போடறீங்க?”

“காலி எடை தெரியாம லோடு எடை எப்படிங்க தெரியும்?”

“அவ்வளவுதான். வெறும் பாத்திதான் என் காலி வண்டி.”

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. காலி எடையில் ஏமாற்றிய டிரைவர்களை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியவன் நான். அப்படிப்பட்ட நானே உங்கள் காலி வண்டியில் லோடு ஏற்றினேன்.

சீட்டு விழுந்த விதம் அப்படி. பெரியவன் பங்கில் நான்கு பாத்திக்குப் பொடி, சின்னவன் பங்கில் இரண்டுக்குத்தான். ஒன்பது உட்பட நான்கு வெறும் பாத்தி சின்னவனிடம் போனது. ஏரி வண்டல் அடித்தாலும் ஆட்டுக் கிடை போட்டாலும் அண்ணன் காட்டுக்கு எத்தனையோ தம்பி காட்டுக்கும் அத்தனை என்று இருக்கிற குடும்பம் அது. ஒரு மாதம் கழித்து, வைகாசியில், சின்னவன் கிரஷருக்கே வந்துவிட்டான்.

“ஏனுங் மாமா, பங்கு பிரிக்கறப்பவும் சீட்டுதான், இப்பவும் சீட்டுதான். எப்பப் பாரு எனக்குத்தான் வெறுங்கையா? உங்களுக்கும் பெரியவன்தான் ஒசத்தியாப் போயிட்டானுங்களா?”

“அது சும்மா அளந்து பாக்கறதுக்குடா மாப்ள. வெறும் பாத்தி இருந்தாத்தான் அந்தம்மா கணக்கு நிக்கும்.”

“அந்தக் கணக்குக்கு என் பங்குதானுங்களா கெடச்சுது? நல்லாக் கேட்டுக்குங்க. நாளையிலிருந்து அவனுக்கு மொறைத் தண்ணி கெடையாது. மோட்டார் ரூம் சாவி எங்கிட்ட இருக்குது.”

கிணறு பொது, முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். தண்ணீர் நின்றால் கரும்பும் போகும், உங்கள் ஆராய்ச்சியும் போகும், என் வீட்டுக்காரி பிறந்த வீட்டுப் பக்கம் தலை காட்டவும் முடியாது. இரண்டு லோடு பொடியால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். பெரியவன் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில் ஆறு சக்கர டிப்பரில் இரண்டு நடை அனுப்பினேன். நான்கு பாத்தியிலும் இறைத்து, பவர் டில்லர் விட்டு மண்ணை அணைத்து, மேலே காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பினோம். உங்கள் குழாய்களைத் தொடாமல் பக்குவமாகத்தான் செய்தோம். அந்தப் பக்குவத்தை இன்று நினைத்தால் கூசுகிறது.

ஆடி பிறந்தபோது உங்கள் முகம் மாறியிருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து குழாய்த் தண்ணீரைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் பிடித்துப் போவீர்கள். கல் கரைந்தால் ஏற வேண்டிய காரத்தன்மை, வெறும் பாத்தித் தண்ணீரிலும் பொடி போட்ட பாத்தித் தண்ணீரிலும் சராசரியில் ஒரே அளவுதான் காட்டுகிறது என்றீர்கள். முதலில் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டீர்கள். அதையும் பிடித்துப் போய்ப் பார்த்து, அது இல்லை என்றீர்கள். பிறகு பாட்டில்களை, பிறகு ஆய்வகத்து மிஷினை. ஒவ்வொன்றாக நீங்கள் கழித்துக்கொண்டே வர, அடுத்தது என் பெயர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“இந்தக் காட்டுல வேற ஏதாவது நடந்துச்சாண்ணா?”

அந்த வினாடியில் சொல்லியிருக்கலாம். சின்னவன் வரப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் வாயில் வேறொன்று வந்தது.

“ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லுவாங்க மேடம். பவுடர் பறக்காதுங்களா?”

சிரிப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டீர்கள். மறுநாள் மோகனூர்க் கடையில் ஒரு டஜன் எவர்சில்வர் தட்டு வாங்கி, மூங்கில் கம்பத்தில் கட்டி, பாத்திக்கு ஒன்றாக நட்டீர்கள். காற்று கொண்டுவரும் பொடியைப் பிடித்து நிறுத்துப் பார்க்க வேண்டுமாம். சின்னவன் பெண்டாட்டி, “ஏனுங்க மேடம், காக்காயிக்குப் பந்தி போடறீங்களா?” என்று கேட்டதற்கு நீங்களும் சிரித்தீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரம், இரண்டு நாளுக்கு ஒருமுறை, சேலத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து தட்டை வழித்துப் போனீர்கள். நான் சொன்ன ஒரு வரிப் பொய்யைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாம் வாரக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, கிரஷருக்கு வந்தீர்கள். தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திருக வராமல் என்னிடம் நீட்டினீர்கள். வெயிலில் நடந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

“காத்து கொண்டு வந்தது ஒரு சிட்டிகைகூடத் தேறலைண்ணா. அப்ப தப்பு என்கிட்டதான். இந்த மண்ணுல கல் கரையலைன்னு திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துடப் போறேன். இத்தனை வருஷம் நம்பினது. பரவாயில்ல, இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும்ல.”

உள்ளதைச் சொல்கிறேன், அப்போதும் என் புத்தி வியாபாரத்தைத்தான் நினைத்தது. நீங்கள் அப்படி எழுதினால் என் பொடியை யாரும் வாங்க மாட்டார்கள். நான் உண்மையைச் சொன்னால் ஆராய்ச்சிக்குக் காடே செல்லாமல் போகும், அப்போதும் வாங்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் எனக்கு நட்டம்தான். ஆனால் நீங்கள் பாட்டிலை மூட முடியாமல் மூடி எழுந்தபோது, செய்யாத தப்பை ஏற்றுக்கொண்டு ஓர் ஆள் என் வாசலைத் தாண்டிப் போகிறாரே என்று இருந்தது. வழியில் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முறைத் தண்ணீர், மோட்டார் ரூம் சாவி, திருச்செங்கோட்டுக் கல்யாணம், எல்லாம்.

எடை மேடையில் ஒரு லாரி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு கேட்டீர்கள்:

“உங்க ஆடிக் காத்துக்கு எத்தனை சக்கரம்ணா?”

“ஆறுங்க மேடம்.”

“எத்தனை நடை வீசுச்சு?”

“ரெண்டுங்க.”

“எடை போட்டீங்களா?”

போட்டிருந்தேன். சும்மா கொடுத்த லோடானாலும் என் கேட்டைத் தாண்டும் வண்டிக்கு எடைச் சீட்டு உண்டு. தேதி, நேரம், காலி எடை, லோடு எடை எல்லாம் இருந்த அந்த இரண்டு சீட்டையும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டீர்கள். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன்.

“ரெண்டு லோடு போட்டது பெரிசில்லண்ணா. இந்த மூணு வாரம் இருக்கே. எனக்கு மூணு வாரம்னா எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாதுதான். உங்கள் உடம்பில் இருந்ததும், டாக்டர்கள் சொன்ன கெடுவும், மறு கோடைக்குள் நீங்கள் போன பிறகுதான் தெரிந்தது. சேலத்தில் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் குனிந்து அள்ளினேன். மூன்று வாரம், மூன்று வாரம் என்றுதான் மனதுக்குள் ஓடியது. பக்கத்தில் நின்ற உங்கள் அண்ணன் என் கையைப் பிடித்து, “போடுங்க, பரவாயில்ல” என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை நீங்கள் அறிக்கையைக் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நாள் கேட்டு வாங்கி, சீட்டில் இருந்த எடையையும் தேதியையும் வைத்து அந்த நான்கு பாத்தியையும் பிந்திப் பொடி போட்டவை என்று தனியாகப் பிரித்தீர்கள். பெரியவன் பக்கம் மிஞ்சிய இரண்டு வெறும் பாத்தியை மட்டும் காலி எடையாக வைத்துக்கொண்டீர்கள். கல் கரைகிறது, அறிகுறி தெரிகிறது, ஆனால் இரண்டு பாத்தியை வைத்து உறுதி சொல்ல முடியாது என்று எழுதினீர்கள். அண்ணன் தம்பி சண்டையைத் தவிர்க்க உறவினர் ஒருவர் பொடி போட்டார் என்பதையும் எழுதினீர்கள். “பேர் போட மாட்டேன். நடந்ததைப் போடுவேன்” என்று முன்பே சொல்லியிருந்தீர்கள். உறுதி இல்லாத இடத்தில் கை வைக்க மாட்டோம் என்று வாங்க வந்தவர்கள் போய்விட்டார்கள். குவியல் அப்படியே இருந்தது.

இப்போது இன்னொரு கம்பெனி வந்திருக்கிறது. அதே காடு, பக்கத்துக் காடுகளும் சேர்த்து. ஆண்டு முழுக்க என் பொடி போகும். போன வாரம் அவர்களுடைய ஆள் கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி: இந்த நிலத்தில் இதற்கு முன் கல் பொடி இடப்பட்டதா? சின்னவன் நேற்று வரப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“இல்லைன்னு போடுங்க மாமா. யாருக்குத் தெரியப் போவுது? அந்தம்மாவும் இல்ல.”

“ஆமான்னு போட்டா?”

“நம்ம காட்டைத் தள்ளிருவாங்களாம். அந்த ஆளே சொன்னானுங்க.”

நான் குழாயை அவன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். நம்பரைத் தடவினான். “ஒம்பதா?” என்றான். எழுந்து போகும்போது, “உங்க இஷ்டமுங்க மாமா. எப்படியும் எழுதத்தான் போறீங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

எழுதிவிட்டேன் மேடம். ஆம் என்று எழுதி, எந்தப் பாத்தியில் எவ்வளவு என்று எழுதி, அந்த இரண்டு எடைச் சீட்டின் நகலையும் வைத்து இன்று காலையில் அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. தள்ளுவார்களோ, வைத்துக்கொள்வார்களோ தெரியாது. போன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிடுகிறது.

இது ஆடி. குவியல் மேல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறேன், காற்று அப்படி அடிக்கிறது. உங்கள் பன்னிரண்டு தட்டில் பதினொன்று சின்னவன் வீட்டில் சோறு தின்னப் போய்விட்டது. ஒன்றை மட்டும் காட்டில் கம்பத்தோடு விட்டு வைத்திருக்கிறேன். மோகனூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் அதில் விரலை வைத்து வழித்துப் பார்ப்பேன். நேற்றும் பார்த்தேன். விரலில் ஒட்டுகிற அளவுதான்.